திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் நம் தோட்டத்து வழக்குகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சமய சம்பந்தமாக ஏதேனும் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சமயப் பேருரை நிகழ்த்தும் தகுதி எனக்கில்லை. நான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே சாலமோன் அரசன் குழந்தை வழக்கைத் தீர்த்த கதையை முதலிற் கேட்டேன். சுந்தரமூர்த்தி நாயனார் வழக்காடிய கதையைப் பின்னர்தான் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டேன். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால், சட்டம் பயில்பவருக்கு அதிகம் பயன்படுவது நம் கதையே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சாலமோன் கதையில் அரசனுடைய புத்தி நுட்பம் மாத்திரம் உண்டு. பெரிய புராணத்திலோ ஒரு முழு விசாரணையே நடக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். புத்தூரிலே கல்யாணப் பந்தலில் மணமகனாக வீற்றிருக்கிறார் சுந்தரர். முதிய வேதியர் ஒருவர் வந்து, "உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். கோபங்கொண்ட சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழித்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். வழக்கு அவ்வூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் மூலவோலையை வாங்கிப் பார்க்கிறார்கள். அதிலுள்ள எழுத்துப் பாட்டனுடையதுதானா என்று அவர் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்திருக்கிறது. தீர்ப்பு மணமகனுக்கு மாறாகப் போகிறது.

வந்த கிழவர் யார் என்பதைத்தான் நாம் பக்தியோடு பேசுவோம். நான் சபையாரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு பக்கம் சீரும் சிறப்புமாக வளர்ந்த மணமகன். சுற்றத்தார் கூட்டமாக அவன் பின்னே நிற்கிறார்கள். மறுபக்கம் தன்னந்தனியான ஒரு கிழவர். சபை ஆள்பலத்தைப் பார்க்கவில்லை, ஓலையைப் பார்த்தது. கிழிந்தது படி, மூலம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதனாலேதான் வழக்கே நிலைத்தது. இந்த இரண்டு விஷயங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவை தேவைப்படும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பல்கலைக்கழகங்களிலுள்ள சட்டக் கிளினிக்குகள் இணையத்தின் வழியாகப் பிணக்குத் தீர்க்க உதவுவது பற்றியது. கிளினிக் என்றவுடன் நம் தாய்மார்களுக்குப் பதுளை ஆஸ்பத்திரியும் கையில் பிடித்த கிளினிக் அட்டையும் நினைவுக்கு வரும். பெயர் வந்தது அங்கிருந்துதான். வைத்திய மாணவன் நோயாளியின் கட்டிலருகே நின்று படிப்பது போலச் சட்ட மாணவனும் வழக்காளியின் அருகே இருந்து படிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஜெரோம் பிராங் என்பவர் 1933ஆம் ஆண்டில் எழுதினார். இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரசபைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் சட்டக் கல்லூரிகளையும் இப்பணியில் சேர்த்துக்கொண்டது. அதன் கீழ் 2011இல் சட்டக் கிளினிக்குகளுக்கென்றே விதிகள் பிறந்தன. மாணவன் தீர்ப்புச் சொல்வதில்லை, நீதிமன்றத்திலே வாதாடுவதுமில்லை. தேர்ந்த சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வையில், வந்தவர் சொல்வதைக் கேட்டு, பத்திரங்களை அடுக்கி, மனு எழுத உதவி செய்து, போக வேண்டிய இடத்தைக் காட்டுகிறான். அவ்வளவே.

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். கிராமத்துச் சச்சரவைக் கிராமத்திலேயே தீர்க்கும் கம்சபா முறை இங்கே பழமையானது. ஆங்கில ஆட்சியினர் 1871ஆம் ஆண்டில் அதற்கு மறுபடி சட்ட உருவம் கொடுத்தார்கள். சுதந்திரத்தின் பின் 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் தோன்றின. அவற்றின் அங்கத்தவர் நியமனத்தில் அரசியல் புகுந்தது என்ற குறை எழுந்து, 1970களின் இறுதியில் அவை மறைந்தன. பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இப்போதைய மத்தியஸ்த சபைகள் வந்தன. முன்னைய குறையை நினைவிற்கொண்டு, மத்தியஸ்தர்களை நியமிக்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவிடம் விடப்பட்டது. நியமனத்துக்கு முன் அவர்களுக்குப் பயிற்சியும் உண்டு.

சபை எப்படி நடக்கிறது என்று நம்மிற் பலர் அறியார். குறித்த தொகைக்கு உட்பட்ட கடன், சொத்துப் பிணக்குகளும் சில சிறு குற்றங்களும் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அந்தத் தொகை ஆரம்பத்தில் 25,000 ரூபாவாக இருந்தது; பிற்பாடு திருத்தச் சட்டங்களால் பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவு செய்வர். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. பேசி ஒத்துப்போக வைக்கிறார்கள். இணங்கினால் எழுதிக் கைச்சாத்து. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஓர் அத்தாட்சிப் பத்திரம். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டிடங்களில் சபை கூடுவதால் தொழிலாளிக்குப் பேர் குறைவதில்லை. இவை யாவும் நல்லவையே.

ஆனால் மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. பெறக்கிராசி என்றும் அப்புக்காத்து என்றும் நம் முதியோர் இன்றும் சொல்கிறார்களே, அவர்களுக்கு அங்கே ஆசனமில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் சமநிலை வேண்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லது, பலனோ சில வேளை மாறிவிடுகிறது. சட்டத்தரணி இல்லாத அறையில், விஷயம் தெரிந்தவனும் தெரியாதவனும் எதிரெதிரே அமர்ந்தால் சமநிலை எங்கிருந்து வரும்? ஆகவே அறைக்குள் நுழைவதற்கு முன்பே உரிமை எது, சலுகை எது என்று ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சட்டக் கிளினிக்குக்குரிய இடம் இதுதான்: மத்தியஸ்த சபைக்கு முந்திய வாரம்.

அந்தக் கிளினிக் பதுளையில் இல்லையே என்பீர்கள். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டில் நம் நகரருகே தோன்றியது. எனினும் சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகள் கொழும்புக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்குமே போகிறார்கள். மடூல்சீமையில் இருக்கும் ஓர் அம்மையார் பசறை வழியாகப் பதுளைக்கு வந்துசேரவே அரை நாள் கழிகிறது. கொழும்புக்கு எப்படிப் போவார்? இங்கேதான் இணையம் நுழைகிறது.

இந்த யோசனை பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்தது என்பதைச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை. அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் கட்ஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1996இல் இணையத்தில் ஒரு நடுவர் நிலையம் ஆரம்பித்தார்கள். 1999இல் ஈபே என்னும் இணையச் சந்தையில் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் எழுந்த ஏறக்குறைய 200 பிணக்குகளை, முகம் பாராமலே, மின்னஞ்சல் மூலம் எடுத்துப் பார்த்தார்கள். வழக்கில் இரு தரப்பு, நடுவர் மூன்றாவது. கணினியோ நான்காவது தரப்பு என்று கட்ஷும் ஜனட் றிவ்கினும் பின்னர் எழுதினார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016இல் இணையத்திலேயே நடக்கும் ஒரு நியாயசபையை ஏற்படுத்தியது. தொற்றுநோய்க் காலத்தில், 2020 யூலை 11ஆம் திகதி, இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் மக்கள் நீதிமன்றம் காணொளி வழியாக நடைபெற்றது. இங்கும் 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், தொலைத்தொடர்புச் சாதனங்கள் மூலம் நீதிமன்ற நடவடிக்கை நடத்த வழி செய்தது. ஆகவே இது ஆகாயத்துக் கோட்டையன்று.

நம் தோட்டங்களில் எழும் வழக்குகள் எவை? பீலித் தண்ணீருக்குச் சண்டை. லயத்து இஸ்தோப்பை ஒருவர் நீட்டிக் கட்ட, அடுத்த காம்பராக்காரர் வழி மறிகிறது. மரக்கறி போட்ட துண்டு நிலத்தின் எல்லை. ஒருவர் மாடு இன்னொருவர் போஞ்சியைத் தின்றது. சீட்டுப் பிடித்தவர் காசோடு கொழும்புக்குப் போய்விட்டார். தொலைபேசியிலே படத்தைக் காட்டி விற்ற பொருள் வந்து சேரவில்லை, அல்லது வேறு பொருள் வந்தது. வாட்ஸப்பில் ஒருவர் எழுதிய வசைமொழியால் இரண்டு குடும்பங்கள் திருவிழாவில் முகம் பார்ப்பதில்லை. இவற்றுக்குத் தோட்டத் தலைவர் இருக்கிறார், மாதர் சங்கத் தலைவி இருக்கிறார், கோயில் முன்றிலில் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அது தொடர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஒரு தரப்பார் கொழும்பிலோ மத்திய கிழக்கு நாட்டிலோ இருந்தால் மாத்திரம் கோயில் முன்றில் போதாது. வீட்டுப் பணிக்கு வெளிநாடு சென்ற தாய் அனுப்பிய பணத்தைப் பற்றி எழும் பிணக்கில், அந்தத் தாயின் சொல்லைக் கேளாமலே இங்கே பஞ்சாயத்து முடிந்துவிடுகிறது. அவரைத் தொலைபேசித் திரையில் அழைத்து இருத்தலாமே! இணையம் செய்யக்கூடிய உபகாரங்களில் இதனையே நான் முதலில் வைப்பேன்.

இனிச் சொல்லப்போவது சிலருக்கு உவப்பாக இராது. சமரசம் என்பது எப்போதும் நன்மையே என்று நினைக்கிறோம். அப்படியன்று. மாட்டுச் சண்டையிற் சமரசம் நன்று. சட்டம் தந்த பாத்தியதையில் சமரசம் என்பது, உள்ளதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்கு மறுபெயர்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 30 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். 30 தரம் 14, ஆக 420 நாட்சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகப் பணமும் சேரும். கொடாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். இப்படியிருக்க, யாரோ ஒருவர், "அம்மா, பாதியை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மீதிக்கு அலையாதீர்கள், இங்கே கைவிரல் வையுங்கள்" என்று தேன் போலப் பேசி, அதை இணக்கம் என்று எழுதினால், அது இணக்கமா? தொலைபேசித் திரையில் பச்சைப் பொத்தானை அமுக்கி ஒப்புக்கொள்ள வைத்தால் இன்னும் எளிது, இன்னும் ஆபத்து. கணினி நான்காவது தரப்பு என்றார்கள். அந்த நான்காமவரை யார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டாமா? கண்ணன் பாண்டவர் சார்பில் தூது போனதில் ஒளிவு மறைவில்லை. அவன் யார் பக்கம் என்பது துரியோதனனுக்கும் தெரியும். பொத்தான்கள் யார் பக்கம் என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே சேவைக்காலப் பணம், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஆகியவற்றை எந்தச் சமரச மேசையிலும் வைக்கக் கூடாது. அவற்றுக்குத் தொழில் திணைக்களமும், தொழிற்சங்கமும், 1957இல் ஏற்பாடு செய்யப்பட்ட தொழில் நியாய சபைகளும் உண்டு. கிளினிக் அங்கே செய்யக்கூடியது பத்திர வேலை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்து. அப்பா பெயர் முன்னே வந்ததா பின்னே வந்ததா என்ற ஒரே காரணத்தால் சேமலாப நிதிக்கு அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். இப்பத்திரங்களை ஓய்வுக்குப் பத்து வருடம் முன்பே ஒழுங்கு செய்ய, கொழும்பிலுள்ள ஒரு மாணவர் தொலைபேசியில் உதவலாம். அதற்கு அவர் பதுளைக்கு வர வேண்டியதில்லை.

படியோலை மூலவோலை என்றேனல்லவா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் முழுமையாக மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் நம் மாவட்டத்தில் மண் சரிந்தது. ஆட்களை இழந்த துயரத்தின் முன் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சிறுமைபோலத் தோன்றலாம். ஆனால் எஞ்சியவர் வாழ வேண்டுமே; அவர் யாரென்று நிரூபிக்கக் காகிதம் வேண்டுமே. ஒவ்வொரு குடும்பத்தின் முக்கிய பத்திரங்களையும் படமெடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி பத்திரமாக வைத்தல் பெரிய காரியமன்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வடிவப் பத்திரத்துக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது. எனினும் மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம், காணி விற்பனை உறுதி என்பனவற்றுக்கு அது பொருந்தாது. கைப்பேசியில் படம் இருக்கிறதே என்று காணி உறுதியை யாரும் அலட்சியம் செய்துவிட வேண்டாம்.

இன்னுமொரு விஷயம், லயத்து வாழ்க்கையை அறிந்தவர்கள்தான் இதை உணர்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இரகசியம் ஏது? ஒரு பெண் தன் கஷ்டத்தைத் திரையில் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து மூன்று வீடுகள் கேட்கும். பல வீடுகளில் தொலைபேசி கணவன் சட்டைப் பையில் இருக்கிறது. அடி உதை என்று வந்துவிட்டால் அதற்கு மத்தியஸ்தமும் வேண்டாம், காணொளியும் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடைச் சட்டப்படி நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். சமாதானமாகப் போ என்று அத்தகைய பெண்ணைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தைப் பெரியோர்கள் விட்டுவிட வேண்டுமென்று, வயதில் இளையவராயினும், வேண்டிக்கொள்கிறேன்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. நம் மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அரசியல் யாப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நம் மாகாணத்து நீதிமன்றப் பதிவு மொழி சிங்களமாயினும், தமிழில் வழக்குத் தொடரவும் மொழிபெயர்ப்புப் பெறவும் நமக்கு உரிமையுண்டு. மத்தியஸ்த சபையிலே தமிழ் தெரிந்தவர் அன்று வரவில்லையென்றால், இணக்கப் பத்திரத்தில் என்ன எழுதினார்கள் என்பது தெரியாமலே நம்மவர் கைச்சாத்து வைக்க நேரும். அந்த வேளையில், தூரத்திலிருந்து இரு மொழியும் அறிந்த ஒரு மாணவர் வாசித்து விளக்கினால், அதைவிட மலிவான உதவி வேறில்லை. ஆனால் மத்தியஸ்தர்கள் அனுமதிக்க வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தமிழறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தலைமைக் கணக்கப்பிள்ளைமாரும் மத்தியஸ்தராக முன்வரலாம். விண்ணப்பம் கோரப்படும்போது நம்மவர் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறோம்?

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. அதுவரை கிராமத்துக்கு உரியது நமக்கு உரியதல்ல என்றிருந்தது. நியாயம் கேட்கும் இடங்களையும் அவ்வாறே நமக்குப் புறம்பானவை என்று எண்ணிப் பழகிவிட்டோம் போலும்.

ஆகையினால் மன்றத்தாரிடம் ஒரு சிறு விண்ணப்பம். மன்ற அறையில் ஒரு கணினி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது சும்மா கிடக்கிறது. அறப்பாடசாலை முடிந்த பின் இரண்டு மணித்தியாலம் அதைத் தர வேண்டும். கதவை மூடி ஒருவர் தனியாகப் பேசக்கூடியதாக அந்த மூலையை ஒரு பலகையால் தடுக்க வேண்டும். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் முறைவைத்து மறுமுனையில் இருப்பார்கள்; சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரை மேற்பார்வைக்குக் கேட்போம். அவர் கிடைக்கும் வரையில் பத்திரம் பார்ப்பதற்கு மேல் எதுவும் செய்ய மாட்டோம். வருபவரின் விபரங்கள் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருக்கும். திறப்பு இருவரிடம் மாத்திரம், அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். செலவு பலகைக்கும் பூட்டுக்கும் மாத்திரமே. அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.